சம்பந்தியம்மா பார்க்கக் கேட்ட பை

மதுரையில் ஒரு செருப்புக் கடையில் பத்தொன்பது நாள் வேலை பார்த்திருக்கிறேன். வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பழைய செருப்பை வாங்கி ஓரமாக அடுக்க வேண்டும். அவர்கள் புதுச் செருப்போடு வெளியே வரும்போது பழையதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்க வேண்டும். இருபதாவது நாள் ஒருவருடைய பழைய செருப்பை இன்னொருவருக்குச் சுற்றிக் கொடுத்துவிட்டேன். அதோடு வேலை முடிந்தது. இந்தப் பத்தொன்பது நாளைப் பற்றி ஏலக்காய்த் தோட்டத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து நான் எங்கும் நிலையாகத் தங்கியதில்லை. தேனியில் புரோட்டாக் கடையில் மாவு பிசைந்தேன். லாரியில் கிளீனராகப் போனேன். தேவாரத்துப் பக்கம் நிலக்கடலைக் காட்டில் யானைக்குக் காவல் இருந்தேன். தகரத்தைத் தட்டித் தட்டி இடது காது மந்தமானதுதான் மிச்சம். எழுபதுகள் முடிந்து எண்பது பிறந்திருந்த சமயம் அது. போடியில் ஒரு ஜீப்புக்காரர் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றார். ஏறிவிட்டேன். போடிக்கு மேலே மலையுச்சியில் இருக்கிற மேட்டைத் தாண்டி, மலையாளத்துப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு தட்டு.

எனக்கு ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் அங்கே கடை அல்ல, ஏலக்காய் உலர்த்துகிற கட்டடம். வெளியே அடுப்பில் விறகு எரியும். சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளே போகும். உள்ளே கம்பிவலைத் தட்டுகளில் பச்சைக்காயைப் பரப்பியிருப்போம். அதற்கு முன் காயைக் கழுவி, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுக்க வேண்டும். அப்போதுதான் காய்ந்த பிறகும் பச்சை மாறாமல் இருக்கும். நிறம் போன காயைப் போடி வியாபாரிகள் கையால்கூடத் தொடமாட்டார்கள். காய்ந்ததும் கம்பிவலை மேல் போட்டுத் தேய்த்துக் காம்பை உதிர்ப்போம். ஒரு மாதத்தில் இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது.

மழைக்காலத்தில் அந்த மலையில் காய்ந்த பொருள் என்று ஒன்று கிடையாது. உப்பு ஒழுகும். தீக்குச்சி பற்றாது. கழற்றிப் போட்ட சட்டையில் இரண்டாம் நாள் பூசணம் பிடிக்கும். அதனால் எது நனைந்தாலும் ஸ்டோருக்குத்தான் வரும். கம்பளி, மிளகாய் வற்றல், ரேஷன் கார்டு எல்லாம் வந்திருக்கின்றன. ஒருமுறை ஓடைக்குள் விழுந்த டிரான்சிஸ்டர் ஒன்று வந்தது. ஒரு பகல் முழுக்கத் தட்டில் வைத்திருந்தேன். சாயங்காலம் பாடியது. அதற்குப் பிறகு ஸ்டோரால் சரிசெய்ய முடியாதது எதுவும் இல்லை என்று தோட்டமே நம்பியது. நானும் நம்பினேன்.

தோட்டத்துக் கணக்குப்பிள்ளை என்னைவிட இருபது வயது மூத்தவர். அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் மனைவி எனக்கு மதினி. ஸ்டோருக்கு மேலே சரிவில் அவர்கள் குவார்ட்டர்ஸ். ஒரே மகள். அவளை மலைக்குக் கீழே, போடிப் பக்கம் சிலமலையில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அரபு நாட்டில் வேலை. கல்யாண லீவு முடிந்து திரும்பும்போது மாமனாருக்கு ஒரு பெரிய தோல்பையைக் கொடுத்துவிட்டுப் போனார். "ஆயுசுக்கும் உழைக்கும் மாமா" என்று சொல்லிக் கொடுத்தாராம்.

அது வரை நாங்கள் பார்த்திருந்ததெல்லாம் ரெக்சின் பைதான். இது தேன் நிறத்தில், கன்றுக்குட்டியின் காது மாதிரி மெத்தென்று இருந்தது. இரண்டு கைப்பிடி, ஜிப், பித்தளைப் பூட்டு, அதற்கு விரல் நகம் அளவில் ஒரு சாவி. லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலியாட்கள் வரிசையாக வந்து தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி கையைக் கழுவிவிட்டு வந்து தொட்டாள். பைக்குள் வழவழப்பான ஒரு சீட்டு இருந்தது. ஒரு பக்கம் வெறுமை. மறுபக்கம் இங்கிலீஷில் எட்டு வரி. படித்தவன் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஒவ்வொரு வரியிலும் 'நாட்' என்ற சொல் இருந்தது. என் படிப்பு அந்த 'நாட்' வரைக்கும்தான் போனது. ஆக, இந்தப் பைக்குச் செய்யக்கூடாத காரியங்கள் எட்டு இருக்கின்றன என்பது எங்களுக்குத் தெரிந்தது. அவை என்னென்ன என்பதுதான் தெரியவில்லை. கணக்குப்பிள்ளை அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார்.

பையையும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். ஒரு பயணத்துக்கும் எடுத்துப் போகவில்லை. தென்மேற்கு மழை பிடித்ததும் உர மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையில் அதைப் போட்டு, வாயை இறுக்கிக் கட்டினார். ஒரு மாதம் கழித்துப் பிரித்தபோது பை முழுக்க வெள்ளைப் பூசணம், ஆட்டுக்குட்டி மாதிரி. பதறிப்போய்த் துடைத்து, வெயில் வந்த நாளிலெல்லாம் பாறை மேல் கொண்டுபோய்க் காயப் போட்டார். பூசணம் போனது. அதோடு தேன் நிறமும் போனது. மேல்தோல் செதில் செதிலாக உரியத் தொடங்கியது. கைப்பிடி மடங்குகிற இடத்தில் வெடிப்பு. பை வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

அப்போது மகள் மாசமாக இருந்தாள். ஏழாம் மாதம் சிலமலையில் வளைகாப்பு. அது முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். நாள் பேசக் கணக்குப்பிள்ளை போனபோது சம்பந்தியம்மா முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அந்த அம்மா சொன்னதை அவர் ஸ்டோரில் என் முன்னால் அப்படியே சொல்லிக் காட்டினார்.

"மலையில பிள்ளத்தாச்சிய என்னத்தப் பாப்பீக? ஈரத்துல இரும்பே துருப்பிடிச்சுப் போகும். எம் மகன் குடுத்த பை அங்கனதான கெடக்கு? வளைகாப்புக்கு வரும்போது அதக் கொண்டாங்க. அது எப்பிடி இருக்குன்னு பாத்துட்டு, புள்ளைய அனுப்புறதா வேணாமான்னு சொல்றேன்."

வளைகாப்புக்கு மூன்று வாரம் இருந்தது. மதினி அதற்கெல்லாம் முன்னாலேயே தயாராகிவிட்டிருந்தாள். பழைய சேலைகளைக் கிழித்துத் துவைத்து மடித்து ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தாள். மகளுக்கென்று ஒதுக்கிய அறையில் ஈரம் ஏறாமல் இருக்கச் சுவர் முழுக்கப் பலகை அடிக்கச் சொன்னாள். நான்தான் அடித்துக் கொடுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் மகளைப் பார்த்தது இரண்டே தடவை.

கணக்குப்பிள்ளை முதலில் பையைப் போடிக்குக் கொண்டுபோனார். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் செருப்புத் தைப்பவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். நம்ம ஊர் மாடு என்றால் தைத்துவிடலாம், இது எந்தச் சீமை மாடோ, எனக்குப் பிடிபடவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். மதினி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வண்டிமாட்டுத் தோல்வாருக்குப் போடுவதுதானே என்று ஒரு கிண்ணம் விளக்கெண்ணெயைப் பூசிவிட்டாள். பை எண்ணெயைக் குடித்துக் கறுத்தது. உரிவது நிற்கவில்லை. இப்போது கரப்பான்பூச்சிகளும் வரத் தொடங்கின.

அப்போதுதான் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மதுரைச் செருப்புக் கடையைச் சொன்னேன். பத்தொன்பது நாள் என்பதைச் சொல்லவில்லை. வாசலில் உட்கார்ந்த கதையையும் சொல்லவில்லை. கணக்குப்பிள்ளை பையைத் தூக்கி என் மடியில் வைத்தார். "நீ இருக்கும்போது நான் போடிக்கும் மேட்டுக்கும் அலைஞ்சிருக்கேன் பாரு" என்றார். மதினி வாசற்படியில் நின்று, "அப்பு, சரியாயிருமில்ல?" என்று கேட்டாள். ஆகிவிடும் மதினி என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

நானும் கணக்குப்பிள்ளையும் உட்கார்ந்து யோசித்தோம். யோசித்தது முட்டாள்தனமாக இல்லை. அது ஒழுங்காகத்தான் இருந்தது. பைக்கு என்ன கேடு? நிறம் போகிறது, ஈரம் ஏறியிருக்கிறது, மேலே செதில் நிற்கிறது. ஏலக்காய்க்கு நிறம் போகாமல் இருக்க என்ன செய்கிறோம்? ஈரத்துக்கு என்ன செய்கிறோம்? மேலே ஒட்டி நிற்கிற காம்புக்கு என்ன செய்கிறோம்? மூன்றுக்கும் கையிலேயே வழி இருந்தது. இத்தனை நாள் தோன்றாமல் போயிற்றே என்று அவர் தலையில் தட்டிக்கொண்டார்.

பையைச் சோடாத் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி எடுத்தேன். கடிகாரத்தை அவர்தான் பார்த்துச் சொன்னார். பிறகு நடுத்தட்டில், சுற்றிலும் காய் பரப்பி, பையை வைத்தேன். மறுநாள் மதியம் கதவைத் திறந்தோம். காய் அருமையான பச்சையில் காய்ந்திருந்தது. பை பாதியாகச் சுருங்கி, ஒரு பக்கம் நிமிர்ந்து ஒரு பக்கம் குனிந்து, பொரித்த அப்பளம் மாதிரி இருந்தது. ஜிப்பின் இரண்டு பல்வரிசையும் ஒன்றையொன்று தொடவில்லை. அடிப்பக்கம் முழுக்கக் கம்பிவலைத் தடம், கட்டம் கட்டமாக. இனி நிறுத்தினால் கெட்ட பேர் என்று செதிலையும் கம்பிவலையில் தேய்த்து எடுத்துவிட்டேன். செதில் போனது. அதற்குக் கீழே இருந்ததும் கொஞ்சம் போனது.

கணக்குப்பிள்ளை பையைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு குனிந்து மோந்தார். "வாசம் நல்லாருக்கு" என்றார்.

வளைகாப்பன்று மதினிக்குக் காய்ச்சல். அவரும் நானும்தான் புறப்பட்டோம். பையைச் சிதைத்தவன் கூட வந்தால்தான் ஆகும் என்று அவர் சொல்லவில்லை. என் சட்டையைத் துவைத்துப் போடச் சொன்னார், அவ்வளவுதான். பை வெறுமையாக இருந்தால் கோணல் தெரியும் என்று தேங்காய், வாழைப்பழம், வெல்லம், வளையல் பெட்டி, பட்டுச்சேலை எல்லாவற்றையும் அதற்குள் திணித்தோம். சம்பந்தியம்மா கேட்டாலும் கேட்பார் என்று சாமி படத்துக்குப் பின்னால் இருந்த சீட்டையும் மறக்காமல் உள்ளே வைத்தார்.

மேட்டுச் செக்போஸ்டில் பஸ்சு நின்றது. வரி கட்டாமல் ஏலக்காய் மலையிறங்குகிறதா என்று பார்க்கிற இடம் அது. மலையாளத்து அதிகாரி ஒருவர் பஸ்சில் ஏறினார். ஏறியவர் ஒருவரையும் பார்க்காமல் நேராக எங்களிடம் வந்தார். பை அப்படி மணத்தது. ஒரு மூட்டை ஏலக்காய்கூட அப்படி மணக்காது.

"இதுல ஏலம் உண்டு. மணம் உண்டல்லோ" என்றார்.

கீழே இறக்கிப் பிரித்தார்கள். தேங்காய், பழம், வெல்லம், வளையல், சேலை. ஒரு காய்கூட இல்லை. அவர் உள்துணியைத் தடவினார், அடியைத் தட்டினார், மூக்கை உள்ளே விட்டு மோந்தார், மறுபடி தடவினார். கணக்குப்பிள்ளை மகளுக்கு வளைகாப்பு என்று சொல்லி நல்ல நேரம் போய்க்கொண்டிருப்பதையும் சொன்னார். அப்போது அதிகாரி கையில் அந்தச் சீட்டு அகப்பட்டது. அதில் ஏதாவது குறிப்பு இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒவ்வொரு வரியாகப் படித்து, தமிழும் மலையாளமும் கலந்து எங்களுக்குச் சொன்னார்.

பிளாஸ்டிக்கில் கட்டி வைக்கக் கூடாது. வெயிலில் போடக் கூடாது. எண்ணெய் பூசக் கூடாது. தண்ணீரில் முக்கக் கூடாது. சோடா, சோப்பு எதுவும் கூடாது. நெருப்புச் சூடு படக் கூடாது. முரட்டுப் பொருளால் தேய்க்கக் கூடாது.

நானும் கணக்குப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏழும் செய்திருந்தோம். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு செய்தவர்கள்கூட இவ்வளவு வரிசையாகச் செய்திருக்க முடியாது. எட்டாவது, அதிகக் கனம் ஏற்றி ஒரு கைப்பிடியில் தூக்கக் கூடாது என்பது. அது ஒன்று பாக்கி இருக்கிறதே என்று எனக்கு ஓர் ஆறுதல். அதிகாரி சீட்டை உள்ளே போட்டார், எல்லாச் சாமான்களையும் திரும்ப அடுக்கினார், எங்களிடம் கொடுப்பதற்காக ஒரு கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார்.

கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது. பை கவிழ்ந்து, தேங்காய்கள் உருண்டன. மேட்டிலிருந்து ரோடு போடியைப் பார்த்துச் சரிந்துதான் இறங்கும். மூன்று தேங்காயை ஆட்கள் காலால் மறித்தார்கள். ஒன்று எங்களுக்கு முன்னால் போடிக்குப் புறப்பட்டுவிட்டது. இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் அது ஓரக்கல்லில் சாய்ந்து நின்றதைப் பார்த்து, டிரைவர் பஸ்சை நிறுத்தினார். கண்டக்டர் இறங்கி எடுத்து வந்து கணக்குப்பிள்ளை மடியில் வைத்தார். அவர் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வளைவு வளைவாக இறங்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. மொத்தப் பழியையும் செக்போஸ்ட் மேல் போட்டுவிடலாமே? சோதனை போட்டார்கள், இழுத்தார்கள், இப்படியாகிவிட்டது. கைப்பிடி பிய்ந்ததற்குப் பஸ்சு முழுக்கச் சாட்சி. அதை அவரிடம் சொன்னேன். போடியில் இறங்கும்போது, "நீ வாயத் தொறக்காத, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

சிலமலையில் வளையல் போட்டு முடிந்து, சாப்பாடும் ஆயிற்று. சம்பந்தியம்மா கூடத்தின் நடுவில் பாய் விரித்து உட்கார்ந்தார். கணக்குப்பிள்ளை பையை முன்னால் வைத்தார். அந்த அம்மா அதைக் கையால் தொடவில்லை. விரலால் ஒருமுறை தள்ளினார். பை சாய்ந்த வாக்கிலேயே ஆடி நின்றது.

"இதுதான் அதா?"

"ஆமாம்மா. வர்ற வழியில செக்போஸ்டுல…" என்று கணக்குப்பிள்ளை ஆரம்பித்தார்.

மகள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள், முழங்கை வரைக்கும் வளையல். பையை இழுத்து அடியைத் திருப்பிப் பார்த்தாள். கட்டம் கட்டமான தடத்தை விரலால் தடவினாள். ஸ்டோர்த் தட்டுகளுக்கு நடுவே வளர்ந்தவள். யோசிக்காமல் கேட்டுவிட்டாள். "என்னப்பா, இத ஸ்டோர்ல வச்சீகளா?"

கணக்குப்பிள்ளை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். பிளாஸ்டிக் உறை, பாறை, விளக்கெண்ணெய், கரப்பான், சோடா. என்னைக் காட்டிக் கொடுக்காமல் 'செய்தோம்', 'செய்தோம்' என்றே சொல்லிக்கொண்டு போனார். சம்பந்தியம்மா போலீஸ்காரர் மாதிரி இடையில் கேள்வி கேட்டார்.

"சோடாவுல எம்புட்டு நேரம் முக்குனீக?"

"பத்து நிமிசம்."

"காயிக்கு எம்புட்டு?"

"அதுக்கும் பத்து நிமிசந்தாம்மா."

"ஏன், பைக்கு ரெண்டு நிமிசம் கூட்டிருக்கலாம்ல? பெருசா இருக்கே."

கணக்குப்பிள்ளை அதை உண்மையாகவே யோசித்தார். அந்த அம்மாவுக்கு உதடு துடித்தது. சிரிப்பா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"சும்மா விட்டிருந்தா அது பாட்டுக்குக் கெடந்திருக்கும்" என்றார். "ஒங்க வீட்டுல ஒண்ணையும் சும்மா விட மாட்டீகளா?"

"நல்லா இருக்கணும்னுதாம்மா செஞ்சோம். ஒரு நாளும் அதத் தொறந்து பாக்காம நான் சோலிக்குப் போனதில்ல."

வாயைத் திறக்காதே என்று அவர் சொல்லியிருந்தார். ஆனாலும் காய்ச்சலோடு வாசலில் நின்ற மதினி நினைவுக்கு வந்தாள். மகள் அறைக்குச் சுவர் முழுக்கப் பலகை அடித்திருக்கிறது, ஈரம் உள்ளே வராது என்று சொன்னேன். மதினி ஒரு பெட்டி நிறையப் பழஞ்சேலை மடித்து வைத்திருக்கிறாள் என்றும் சொன்னேன்.

சம்பந்தியம்மா முதல்முறையாக என்னைப் பார்த்தார். "அதையாச்சும் சும்மா வச்சிருக்காகளா, இல்ல அதையும் சோடாவுல முக்கியாச்சா?"

சேலையைச் சோடா போட்டுத்தான் துவைத்தாள் என்று உண்மையைச் சொன்னேன். மகள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. சம்பந்தியம்மா அவளை முறைத்தார். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டு, எனக்கு எழுதத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். எழுதிக்கொள் என்றார்.

காகிதம் இல்லை. பைக்குள் இருந்த சீட்டை எடுத்து, வெறும் பக்கத்தைத் திருப்பி, கணக்குப்பிள்ளையின் பேனாவை வாங்கிக்கொண்டேன். அந்த அம்மா விரலை மடக்கி மடக்கிச் சொல்ல, நான் எழுதினேன். மழையில் நனைய விடக்கூடாது. ஸ்டோர்ப் பக்கம் அனுப்பக் கூடாது. கனம் தூக்க விடக்கூடாது. கதவை எல்லாம் சாத்திப் புழுங்க வைக்கக் கூடாது. விளக்கெண்ணெய் நர்சம்மா சொன்னால் ஒழியக் கொடுக்கக் கூடாது. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் போடிக்கு இறக்கிவிட வேண்டும். பிரசவம் அங்கே ஆஸ்பத்திரியில்தான். இப்படிப் பதினொன்று வந்தது. சீட்டில் இடம் போதாமல் கடைசி வரியைப் பக்கவாட்டில் எழுதினேன். என்ன கோளாறு தெரிந்தாலும் நீங்களாக வைத்தியம் பார்க்கக் கூடாது, எனக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பதுதான் அது. அதைச் சொல்லும்போது அந்த அம்மா என்னையே பார்த்தார்.

"வாசிச்சுக் காட்டு" என்றார். வாசித்தேன். "புரிஞ்சுச்சா சம்பந்தி?"

"எல்லாம் தமிழ்லதான் இருக்கு" என்றார் கணக்குப்பிள்ளை.

மூன்றாம் நாள் மகளை அழைத்து வந்தோம். அவள் துணிமணி ஒரு தகரப்பெட்டியில் வந்தது. பை எதற்கு என்று கேட்டதற்கு, தூக்கிப் போட மனசில்லை என்று சொல்லி மடியிலேயே வைத்துக்கொண்டாள். கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டியபோதெல்லாம் பையின் வாயில் முகத்தைக் கொடுத்து மோந்துகொண்டாள். மேலே போய்ச் சேர்வது வரை வாந்தி எடுக்கவில்லை. சீட்டை மதினி அடுப்படிச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள், தமிழ்ப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நாளுக்கு ஒருமுறை என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுவாள்.

பிரசவம் போடியில் ஆனது. அதற்கு இரண்டு மாதம் கழித்து எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிட்டது. கம்பம் பக்கம் ஒரு லாரியில் இடம் இருக்கிறது என்றார்கள். நான் புறப்படும்போது என் மஞ்சள் பை கிழிந்து போயிருந்தது. கணக்குப்பிள்ளை அந்தத் தோல்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். பிய்ந்த கைப்பிடிக்குப் பதில் சணல் கயிறு கட்டியிருந்தார்.

செக்போஸ்டில் அதே அதிகாரி. பஸ்சில் ஏறி, மோப்பம் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். திறந்து காட்டினேன். ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு தட்டு. அவர் பையின் அடியைத் திருப்பிக் கட்டங்களைப் பார்த்தார். பார்த்ததும் நினைவு வந்துவிட்டது.

"குட்டி பிறந்தோ?" என்று கேட்டார்.

பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம் என்றேன். தலையை ஆட்டினார். ஜிப்பை இழுத்து மூடப் பார்த்தார். அது மூடாது என்று சொன்னேன். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, அடியில் இரண்டு கையையும் கொடுத்துப் பையைத் தூக்கி என் மடியில் வைத்தார்.